நீச்சல்குளத்தில் நல்லெண்ணெய்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. நீச்சல்குளத்து கேட்டில் புதிதாக ஒரு நோட்டீஸ்.

'பெண்கள் கவனத்திற்கு: குளித்துவிட்டு இறங்கவும். எண்ணெய்க் கறை கண்டால் பேட்ச் ரத்து. — நிர்வாகம்.'

லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். சாதாரணப் பேப்பர் என்றால் மழைக்குக் கிழிந்துவிடும், காற்றுக்குப் பறந்துவிடும், நாமும் பார்க்காத மாதிரி போய்விடலாம். லேமினேட் என்றால் சீரியஸ்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் முழங்கால் நல்ல பழக்கம். எத்தனை வாரம் அதைப் பற்றி எழுதிப் புலம்பியிருக்கிறேன்! கடைசியில் டாக்டர், "நடக்காதீங்க, நீந்துங்க" என்று சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், வில்லாபுரத்தில் தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுகிற ஒருத்தியைப் பார்த்து நீந்தச் சொல்கிறார். எதில் நீந்துவது? குடத்திலா?

அப்புறம் விசாரித்ததில், திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு தனியார் நீச்சல்குளம் இருப்பது தெரிந்தது. ஃபேமிலி மெம்பர்ஷிப் எடுத்தோம். காலையில் குழந்தைகளுக்குக் கோச்சிங். ஒன்பதரைக்கு ஆண்கள் பேட்ச் — என் வீட்டுக்காரர் மாதிரி ரிட்டயர்டு ஆசாமிகள். பதினொரு மணிக்குப் பெண்கள் பேட்ச். சாயங்காலம் மறுபடி ஆண்கள். ஆக, மொத்த நாளில் நமக்கு ஒரு மணி நேரம். அதுவும் உச்சி வெயிலில்!

வெயிலாவது ஒன்றாவது… அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் முதல் தடவையாக மிதந்தேன். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, காதுக்குள் தண்ணீர் புகுந்து, உலகத்துச் சத்தம் எல்லாம் அடங்கி, மேலே வானம் மட்டும். முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. கரையேறி டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

என்னை மிதக்க வைத்தது கோச் இல்லை. பாண்டியம்மாக்கா. நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம்; இப்போது மகன் வீட்டில், திருப்பரங்குன்றத்தில் இருக்கிறார். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் படித்தவர். எங்கள் பேட்ச்சில் உண்மையிலேயே நீந்தத் தெரிந்த ஒரே ஆள். என் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "ஒடம்ப விடுத்தா… ஒன்னைய யாரும் தூக்கிட்டுப் போயிற மாட்டாக" என்று சொல்லிச் சொல்லியே மிதக்க வைத்துவிட்டார்.

இன்னொருவர் ஜைத்தூன். டவுனுக்குள் அவர்கள் குடும்பத்துக்கு பெட்ஷீட், ஜமுக்காளக் கடை. ஸ்கூட்டியில் வருவார். முழங்கை, கணுக்கால் எல்லாம் மூடிய நீச்சல் டிரெஸ்ஸைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டவர். எனக்குக் கூட ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது, உறை போட்ட வீணை மாதிரி இருந்தேன்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

நேராக மேனேஜரிடம் போனோம். சரவணன். நல்ல பையன்தான், எதற்கெடுத்தாலும் தலையைச் சொறிவார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வாரத்துல ரெண்டு நா எண்ணெ மெதக்குது. மத்தியானம் ஒங்க பேட்ச் முடிஞ்சதும் தண்ணிய செக் பண்ணுவேன்ல, அப்பத்தேன் பாக்குறேன். ஓரத்து டைல்ஸ்ல வளையம் வளையமாப் பிடிச்சிருக்கு. ஃபில்டர் அடைச்சுப் போச்சு. ஓனர் கத்துறாரு. இன்னொரு தடவ பாத்தா, இந்த டைம சம்மர் கேம்ப்புக்குக் கொடுத்துருன்னு சொல்லிட்டாரு."

சம்மர் கேம்ப்! மிதக்கக் கற்றே ஒரு மாதம்தான் ஆகிறது.

நியாயமாகச் சொன்னால், எங்கள் பேட்ச்சும் ஒன்றும் யோக்கியம் இல்லை. குளத்து ஓர டைல்ஸில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. நீந்தி முடித்ததும் அவரவர் பொட்டை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருநாள் நான் அவசரத்தில் யாருடைய பொட்டையோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தொப்பிக்கு உள்ளே மல்லிகைப் பூவோடு குதித்த புண்ணியவதிகளும் உண்டு.

இறங்குவதற்கு முன் ஷவரில் குளிக்க வேண்டும் என்பது முதல் நாளே சொன்ன ரூல். யாரும் குளித்ததில்லை. ஏன்?

பாண்டியம்மாக்காவைக் கேட்டால், "கெணத்துக்குக் குளிக்கப் போறவ வீட்டுல குளிச்சிட்டா போவா? இம்புட்டுத் தண்ணிக்குள்ள எறங்கப் போறோம், அதுக்கு முன்னாடி என்னாத்துக்கு இன்னொரு தண்ணி? வேஸ்ட்டுத்தான!"

குடம் தூக்கி வளர்ந்த ஊர் இது. தண்ணீரில் இறங்குவதற்காகத் தண்ணீரைச் செலவு செய் என்றால் எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

இதற்கு ஜைத்தூன் ஒரு பதில் சொன்னார். "இல்லக்கா. பள்ளிவாசல்ல ஹவுல்னு தொட்டி இருக்கும். தொழுகைக்கு முன்னாடி அதுலதான் கைகால் கழுவுவாக. ஆனா கழுவுன தண்ணி ஒரு சொட்டுகூடத் திரும்பத் தொட்டிக்குள்ள விழாது. கரையில உக்காந்து, அள்ளி, வெளிய வாய்க்கால்ல விட்டுருவாக. சின்னப்புள்ளையில எங்க அத்தா சொல்லுவாக — நம்ம அழுக்கு நம்மளோட போகணும், அடுத்தவுக கையில ஒட்டக்கூடாதுன்னு."

பாண்டியம்மாக்கா குளத்தை எட்டிப் பார்த்தார். "அதுஞ் சரித்தேன். கெணறுன்னா ஊறும். இது எங்குட்டு ஊறப்போகுது? நேத்து நம்ம முங்குன தண்ணியிலதான இன்னைக்கும் முங்குறோம்…" என்றவர் சட்டென்று முகத்தைச் சுளித்தார். "ச்சீ! அப்ப வாய்க்குள்ள போனதெல்லாம்?"

எல்லோரும் ஒரே சமயத்தில் துப்பினோம்.

ஆனால் உண்மையான காரணம் வேறு. ஷவர் இருக்கிற இடம்! குளத்துக்குப் போகிற வழியில், திறந்த வெளியில், ஒரு கம்பி, அதன் உச்சியில் ஒரு பூவாளி. நேர் எதிரே ஆபீஸ் ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் டீ கேன்டீன். கேன்டீனில் எந்நேரமும் நாலு பேர் வடையோடு. அந்த நாலு பேர் முன்னால் நின்று எந்தப் பெண் நனைவாள்? இதை வடிவமைத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

"குளித்துவிட்டு இறங்கவும்" என்று லேமினேட் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு தடுப்பு கட்டத் தோன்றவில்லை, பாருங்கள்.

மேனேஜரிடம் கேட்டோம். "ஓனர்ட்ட சொல்றேன்க்கா" என்று தலையைச் சொறிந்தார். சொறிகிற வேகத்தைப் பார்த்தால் அடுத்த தீபாவளிக்குத்தான் ஆகும் என்று தெரிந்தது. ஜைத்தூன் மறுநாள் கடையிலிருந்து இரண்டு டபுள் பெட்ஷீட்டும் கயிறும் கொண்டுவந்தார். ஷவர் கம்பியிலிருந்து பக்கத்து வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டினோம். பெட்ஷீட்டில் பெரிய பெரிய மயில்கள். கேன்டீன் நாலு பேர் முகமும் தொங்கிப்போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் பேட்ச்சில் வரலாறு காணாத குளியல். இன்ஸ்பெக்டர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவளாயிற்றே, அதிகாரம் செய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவேனா? ஒவ்வொருத்தராக நிறுத்தி, "பவுடரா? கழுவு. மஞ்சளா? தேய். பூவா? எடு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் ஜைத்தூன் மூக்கை உறிஞ்சி, என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, ஒங்க முழங்கால்லருந்து தைலம் வாசம் வருதே?"

இன்ஸ்பெக்டரம்மா பேசாமல் மயிலுக்குப் பின்னால் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தார்.

அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி. அடியில் கிடந்த ஹேர்பின்கூடத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பாண்டியம்மாக்கா எல்லோருக்கும் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை. அன்றும் ஒருத்தர் விடாமல் குளித்துவிட்டுத்தான் இறங்கினோம். தண்ணீரில் லேசாக ஒரு மினுமினுப்பு இருந்தது. குளோரின் கூடப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்குக் கரையேறினால், மேனேஜர் டைல்ஸில் விரலை வைத்துத் தேய்த்து எங்கள் முன்னால் நீட்டுகிறார். எண்ணெய்!

"சனிக்கெழம வரைக்கும் பாப்பேன்க்கா. அதுக்கு மேல என் கையில இல்ல."

டிரெஸ்ஸிங் ரூமில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் யாரோ ஒருத்தி மெதுவாக, "குளிச்சாலும் சில பேரு தலையில எண்ணெ போகாதுல்ல…" என்றாள். எல்லோர் கண்ணும் ஒரு பக்கம் திரும்பியது. என் கண்ணும்தான், என்ன சொல்ல?

பாண்டியம்மாக்காவின் தலை எப்போதும் படிய வாரிப் பளபளவென்று இருக்கும்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"ஏத்தா, என்னையவா பாக்குறீக? நான் எண்ணெ முழுகுறது வெள்ளிக்கெழம. அதுவும் வீட்டுல, அரப்புப் போட்டு அலசி, மறுநாத்தேன் இங்க வாரது. வெள்ளிக்கெழம நான் இங்க வந்து என்னைக்காச்சும் பாத்திருக்கீகளா? இன்னைக்கு என்ன கெழம? புதன்! எந்த ஊர்லயாச்சும் பொம்பள புதன்கெழம எண்ணெ தேய்ப்பாளா?"

ஜைத்தூனுக்குப் புரியவில்லை. "அதென்னக்கா கெழமைக் கணக்கு?"

"ஒங்க பக்கம் இல்லையா? பொம்பளைக்கு செவ்வா, வெள்ளி. ஆம்பளைக்கு புதன், சனி" என்று எந்திரம் மாதிரி நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

புதன். சனி.

ஜைத்தூன் துண்டைக்கூடக் கட்டாமல் டிரெஸ்ஸோடு ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடினார். "தம்பி! எண்ணெ மெதக்குற ரெண்டு நாளு எது எது?"

"புதனும் சனியுந்தான்க்கா. ஏன்?"

ஏனா?!

முதலில் நான் செய்தது, பாண்டியம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டதுதான். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். என்னை மிதக்க வைத்த கை அது. அதைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது என்று நினைக்கும்போது இப்போதும் கூசுகிறது. அவர், "போங்கத்தா… சனிக்கெழம வெரசா வாங்க. அந்த எண்ணெத் தலைக மூஞ்சியப் பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை ஒன்பதே காலுக்கே மூன்று பேரும் கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், மயில் பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஆஜர். மேனேஜரையும் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டோம்.

ஒன்பதரைக்கு மூன்று ஸ்கூட்டர் வந்தது. ஸ்கூட்டருக்கு இரண்டு பேர். பழைய பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தைச் சுற்றிச் சாயம் போன துண்டு. வெயில் பட்டு ஆறு தலையும் மின்னியது. ஒருத்தர் கன்னம் வழியாகவே வழிந்தது. எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டு ஷவரைத் தாண்டி, அப்படி ஒரு பொருள் அங்கே இருப்பதே தெரியாத மாதிரி, நேராகக் குளத்தைப் பார்த்து நடந்தார்கள்.

பாண்டியம்மாக்கா மயிலை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். எவ்வளவு பணிவு, எவ்வளவு மரியாதை!

"அண்ணே, தலைக்கு வச்சிருக்கிறது கடையில வாங்குனதா, செக்குல ஆட்டுனதா? வாசம் தூக்குதே!"

கடைசியாக வந்தவரை முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள்; குரலில் மட்டும் ஒரே பெருமை. "செக்கு எண்ணெதேம்மா! ரெண்டு மொளகு, கொஞ்சம் சீரகம் போட்டு, பொகையாமக் காச்சணும். நம்ம கூட்டாளி வீட்டு மொட்டை மாடியில தேய்ச்சு, அரை மணி நேரம் வெயில்ல ஊறிட்டு, இங்க வந்து நாலு முங்கு போட்டா பாரு… ஒடம்பு சூடு பூராம் எறங்கிரும். அம்புட்டுத் தண்ணியில எண்ணெ தன்னால போயிரும். அப்பறம் மேல ஏறி ஷவர்ல ஷாம்பூ…"

பனியனுக்குள் கையை விட்டு ஷாம்பூ பாக்கெட்டைக்கூட எடுத்துக் காட்டினார்.

அந்தக் குரலை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

ஆமாம். என் வீட்டுக்காரர்தான்.

மூன்று மாதமாக இந்த மனிதர் புதன், சனியில் என்னிடம் வெந்நீர் கேட்பதில்லை. சீயக்காய் கேட்பதில்லை. "எண்ணெக் குளியலையே விட்டுட்டேன், நீச்சலே போதும்" என்றார். அடடா, நமக்கு ஒரு வேலை குறைந்தது என்று பூரித்துப்போயிருந்தேன். நல்லெண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று யோசித்து, இட்லிப் பொடியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்!

நான் மயிலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவர் கையிலிருந்த ஷாம்பூ பாக்கெட் கீழே விழுந்தது. கூட வந்த கூட்டாளி, "மாப்ள, நாங்க வாரோம்" என்று திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். எப்பேர்ப்பட்ட நட்பு!

"என்னங்க…" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லைச் சொல்லுகிற விதத்திலேயே எல்லாம் அடங்கிவிடும்.

சிரிப்பெல்லாம் சரி. ஆனால் கோபம் வந்தது இவர் மேல்கூட இல்லை, மேனேஜர் மேல்தான். "ஒனக்கு இது தெரியாதா தம்பி?" என்று கேட்டேன். பையன் தலையைச் சொறிந்தார், சொறிந்தார், முடியே உதிர்ந்துவிடும் போலிருந்தது.

"லேசா… தெரியும்க்கா. தலையெல்லாம் மின்னும். ஆனா அவுக பெரிய மனுஷங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? சங்கடமா இருந்துச்சு."

கேட்டீர்களா? எண்ணெய் இறங்கியது அந்தப் பேட்ச்சில். நோட்டீஸ் ஏறியது இந்தப் பேட்ச்சுக்கு. அவர்களிடம் சொல்லச் சங்கடம். நம்மிடம் சொல்ல லேமினேஷன்! எத்தனை ஆபீஸில், எத்தனை வீட்டில், எத்தனை விசேஷத்தில் இதைப் பார்த்திருக்கிறோம்… சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்தவர்களிடம்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

பாண்டியம்மாக்கா ரொம்பப் பேசவில்லை. "தம்பி, சொல்லச் சங்கடமா இருந்தா எங்கள்ட்ட சொல்லு. நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். ஓனருக்குப் போன் போனது. இந்தப் பக்கத்தில் எழுதட்டுமா என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மயில்கள் இருந்த இடத்தில் தகரத் தடுப்பும், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவும் முளைத்திருந்தன. பெண்கள் பேட்ச், அதே பதினொரு மணிக்கு. ஆண்கள் பேட்ச்சுக்கு முன்னால் மேனேஜர் ஷவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். எண்ணெயோடு வந்த ஒருத்தரைத் திருப்பி அனுப்பியும்விட்டார். தலையைச் சொறியாமலே!

நேற்று மறுபடி மிதந்தேன். முதுகுக்கு அடியில் அந்தக் கை இருக்கிறது என்று நம்பி மிதந்துகொண்டிருந்தால், பாண்டியம்மாக்கா தூரத்தில் ஏணிப்படியில் உட்கார்ந்து ஜைத்தூனோடு கதை பேசிக்கொண்டிருக்கிறார். எப்போது கையை எடுத்தார் என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு பின்விளைவு. புதனும் சனியும் எங்கள் வீட்டில் பழையபடி வெந்நீர், சீயக்காய், வழுக்குகிற பாத்ரூம். முழங்கால் வலிக்காரிக்கு இது சரிப்படுமா?

கேட்டிலிருந்து கழற்றிய அந்த நோட்டீஸை மேனேஜர் குப்பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். லேமினேட் செய்தது, வீணாக்குவானேன்? இப்போது எங்கள் பாத்ரூம் கதவில் இருக்கிறது. மார்க்கர் பேனாவால் சின்னச் சின்னத் திருத்தங்கள் — 'ஆண்கள் கவனத்திற்கு: குளித்துவிட்டுக் கழுவவும். எண்ணெய்க் கறை கண்டால் காபி ரத்து.'

கீழே 'நிர்வாகம்' என்று இருந்ததை மட்டும் மாற்றவில்லை. அது சரியாகத்தானே இருக்கிறது?